இருபதில் ஓடுகிறவருக்கு ஒரு பிளக்

மோட்டார் சைக்கிளுக்குப் பிளக் விற்கிறவள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, கடைக்கு வருகிற எல்லாருக்கும் பிளக்கைப் பற்றி ஏற்கெனவே எல்லாம் தெரியும் என்பதைத்தான்.

கொட்டாஞ்சேனையில் எங்களுக்குச் சின்னதாய் ஒரு ஸ்பெயார் பாட்ஸ் கடை. என்ர மனுசன் சாமான் எடுக்க மருதானை, பஞ்சிகாவத்தை என்று திரிவார். கவுண்டர் என்ர பொறுப்பு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். இங்கிலீசு எழுத்துப் படித்ததே பிளக் பெட்டிகளில்தான். பிளக் நம்பரில் வராத எழுத்து என்றால் இன்றைக்கும் கொஞ்சம் யோசிப்பேன்.

நடுச்சந்தியில் வண்டி நின்று, பின்னால் பஸ்காரன் ஹோன் அடிக்க அடிக்க, கிக்கரை உதைத்து முழங்கால் நொந்தவர்களில் நீங்களும் ஒருத்தர் என்றால் வாருங்கள், கதைக்க நிறைய இருக்கிறது.

மூன்று பொருத்தம்

பிளக்குக்கு மூன்று பொருத்தம் பார்க்கவேண்டும். திருகுகிற புரியின் தடிப்பு ஒன்று, கழுத்தின் நீளம் ஒன்று, சூடு ஒன்று. இதில் ஒன்று பிழைத்தாலும் குடித்தனம் நடவாது.

ஒருநாள் ஒரு சிங்கள மல்லி, தம்பி வயதுப் பொடியன், வந்தான். ஆள் நல்ல கட்டை, என் தோளளவுதான். "அக்கே, பெல்ல திக எக்கக் தென்ன" என்றான். கழுத்து நீளமானதாய் ஒன்று தரட்டாம். ஏனென்று கேட்டேன். நீளமென்றால் நெருப்பு ஆழத்துக்கு இறங்கும், வண்டி பறக்கும் என்று கூட்டாளி சொன்னானாம். அவனுடைய வண்டிக்கு வேண்டியது கட்டைக் கழுத்து. நீளமானதைத் திருகினால் உள்ளே ஏறி இறங்குகிற பிஸ்டன் வந்து அதன் தலையில் இடிக்கும். வண்டி பறக்காது, காசுதான் பறக்கும். என்ர அரைகுறைச் சிங்களத்தில் இவ்வளவையும் சொல்லி, கட்டையானதை எடுத்துக் கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, தனக்குத் தெரிந்த தமிழில், பெரிய கவலையோடு சொன்னான்:

"அம்மா எனக்குப் பாக்கிற பொண்ணும் கட்டைதான் அக்கே."

குளிர்மை

வெள்ளவத்தையில் இருந்து சிவஞானம் அண்ணை வருவார். கப்பல் கந்தோர் ஒன்றில் கிளாக்காய் இருந்து பென்சன் எடுத்தவர். வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய நூற்றிருபத்தைந்து சீசீ மோட்டார் சைக்கிளில் மனுசியை ஏற்றிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கோயிலுக்கு வருகிறவர். ஒருநாள் மனுசியைக் கோயிலில் இறக்கிவிட்டு இங்கே வந்தார். மனுசியை நான் அதுவரைக்கும் கண்டதில்லை.

சைக்கிள் வழியில் இரண்டு தரம் நின்றுவிட்டதாம். கனடாவில் இருக்கிற மகளுக்கு விசயம் தெரிந்து, இன்னொருக்கால் அம்மாவோடு நடுறோட்டில் நின்றால் சைக்கிளை விற்றுவிட்டு ஓட்டோவில் போகவேண்டும் என்று கட்டளை போட்டுவிட்டாள். சைக்கிளை விற்கிற கதை வந்தவுடன் அவருடைய முகம் வாடியதைப் பார்த்தேன். "தங்கச்சி, குளிர்ப் பிளக் எண்டு ஒண்டு இருக்காமே, அதைத் தாங்கோ" என்றார்.

இந்தப் பேரைக் கேட்டு ஏமாறாத ஆள் இல்லை. குளிர்ப் பிளக் என்பது சூட்டைக் கெதியாய் இறக்கிவிடுகிற பிளக். தூரத்துக்கு, வேகமாய் ஓடுகிறவனுக்கு அது சரி. சூட்டுப் பிளக் சூட்டைக் கொஞ்சம் தன்னிடம் வைத்திருக்கும். அந்தச் சூட்டிலேயே தன்மேல் பிடிக்கிற கரியை எரித்துவிடும். மெதுவாய் ஓடுகிறவனுக்கு அதுதான் வேண்டும். ஆனால் எங்கட சனத்துக்குச் சூடு என்றால் அன்னாசி, குளிர்மை என்றால் இளநீர். அதற்கு மேலே விளக்கம் ஏறாது. நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. சரி, படித்த மனுசன் என்று கேட்டதையே எடுத்துக் கொடுத்தேன். அது என்ர பிழைதான். அவர் சட்டைப் பையில் அதைப் பத்திரமாய் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்த வெயிலுக்கு எனக்கே மோர் இல்லாமல் ஏலாது தங்கச்சி, அதுவும் ஒரு சீவன்தானே."

கரி

மூன்றாம் வெள்ளிக்கிழமை அந்தச் சீவனைத் தள்ளிக்கொண்டு வந்தார். சேட்டு தோய்ந்து முதுகோடு ஒட்டியிருந்தது. பம்பலப்பிட்டி ஸ்டேசன் தாண்டினதும் நின்று, மனுசியை ஓட்டோவில் ஏற்றிவிட்டு, தள்ளியும் உதைத்தும் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். மகளுக்கும் செய்தி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பார்க்க ஆள் வருகிறானாம். "ரெண்டு நாள் இருக்கு தங்கச்சி" என்று கதிரையில் இருந்துவிட்டார். நான் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு வெட்கமாய் இருந்தது. அந்தப் பிளக்கை விற்றவள் நான்தானே.

பக்கத்துக் கராஜ் நவ்பரைக் கூப்பிட்டேன். அவர் பிளக்கைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார். புகை பிடித்த லாந்தர்ச் சிமினி போலக் கறுப்பு. விரலால் தொட்டால் விரலிலும் கறுப்பு. பெற்றோல் கூடுதலாய்ப் பாய்கிறதோ என்று பார்த்தார், காற்று வருகிற வழி அடைத்திருக்கிறதோ என்று பார்த்தார். எல்லாம் சரி. சிவஞானம் அண்ணையிடம், எத்தனை கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகிறீர்கள் என்று கேட்டேன். முப்பது என்றார். கறுத்த பிளக்கை அவருக்கு முன்னால் நகர்த்தினேன், இருபது என்றார். நவ்பர் கையைத் துடைத்தபடி என் பக்கம் திரும்பினார்:

"காபரேட்டர் நல்லாத்தான் ஈக்கி அக்கா, இவரு சைக்கிள ஓட்டுறாரா, உருட்டுறாரா?"

கடற்கரை ரோட்டு

நவ்பர் போனபிறகு நான் கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "ஏன் அண்ணை, கண் தெரியாதோ? கை நடுங்குதோ? நாப்பதில ஓடினால் இந்தக் கரி பிடிக்காதே."

கண்ணும் நல்லம், கையும் நல்லம் என்றார். பிறகு வாசலை ஒருக்கால் பார்த்துவிட்டு, கள்ளம் செய்து பிடிபட்டவர் போலக் குரலைத் தணித்தார். பிள்ளைகள் வெளிநாடு போனபிறகு மனுசி வீட்டில் கதைப்பது குறைந்துவிட்டதாம். கேட்டதற்கு மறுமொழி, அவ்வளவுதான். ஆனால் வெள்ளிக்கிழமை சைக்கிளில் ஏறி, கடற்கரை ரோட்டுக்குத் திரும்பினால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு காதுக்குள் தொடங்கிவிடுவாவாம். மேல்வீட்டுக்காரியின் கறி மணம், மகள் அனுப்பின படம், ஐம்பது வருசத்துக்கு முந்திய கலியாணவீட்டில் பாயசம் காணாமல் போன கதை, எல்லாம் வருமாம். ஓட்டோவில் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்கமாட்டாவாம்.

"நாப்பதில போனால் அரைவாசிக் கதையில கோயில் வந்திடுது, தங்கச்சி."

ஒரு படி சூடு

கவுண்டர் லாச்சியைத் திறந்து, எந்த வண்டிக்கு எந்தப் பிளக் என்று கம்பனி அடித்த புத்தகத்தை எடுத்தேன். அதில் அவருடைய வண்டிக்கு ஒரு நம்பர் போட்டிருந்தது. நான் கொடுத்தது அதைவிட இரண்டு படி குளிர். சந்தி சந்தியாய் நின்று மெதுவாய் ஓடுகிறவர்கள் ஒரு படி சூடு கூட்டிப் போடலாம் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. ஒரு கம்பனிக்கு நம்பர் கூடினால் குளிர், மற்றக் கம்பனிக்கு நம்பர் கூடினால் சூடு. இதில் தடுமாறித்தான் எத்தனையோ பேர் கெட்டது. மூன்று தரம் விரல் வைத்துப் பார்த்து, புத்தகத்தில் போட்டிருந்ததைவிட ஒரு படி மட்டும் சூடானதை எடுத்தேன். இரண்டு படி கூட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

"அண்ணை, இது உங்கட ஓட்டத்துக்கு. ஆனால் ஒரு கட்டுப்பாடு. இதைப் போட்டுக்கொண்டு வேகமாய் நெடுந்தூரம் ஓடக்கூடாது. காலிக்குப் போறன், கண்டிக்குப் போறன் எண்டு வெளிக்கிடாதேங்கோ."

அவர் நம்பமுடியாமல் என்னைப் பார்த்தார். மெதுவாய் ஓடாதேங்கோ என்றுதான் ஊரெல்லாம் அவருக்குச் சொல்லியிருக்கிறது. நவ்பர் பூட்டிக் கொடுத்தார். ஒரே உதையில் சைக்கிள் ஸ்டார்ட் எடுத்தது. இரவு மனுசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார்:

"மெதுவா ஓடச் சொல்லிப் பிளக் விக்கிற கடை இலங்கையிலயே இது ஒண்டுதானப்பா."

பால்தேத்தண்ணி

அடுத்த வெள்ளிக்கிழமை காலையிலிருந்து என் காது றோட்டிலேயே இருந்தது. கோயில் மணி கேட்டது, சைக்கிள் சத்தம் கேட்கவில்லை. நின்றுவிட்டதோ, விற்றுவிட்டாரோ என்று மனம் அடித்துக்கொண்டது. பத்து மணிபோல டுப் டுப் என்று தூரத்தில் ஒரு சத்தம். அது கடை வாசலுக்கு வந்துசேர எடுத்த நேரத்துக்குள் நான் இரண்டு பேருக்குச் சாமான் கொடுத்துவிட்டேன். சிவஞானம் அண்ணை கையை மட்டும் ஆட்டிவிட்டுக் கோயில் பக்கம் போனார். பின்னால் இருந்தவ அவருடைய தோளுக்கு மேலால் எதையோ சொல்லிக்கொண்டே போனா. ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் பார்க்க வந்தவனுக்குத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆறு வெள்ளி போனது. ஒருநாள் இரண்டு பேருமாய்க் கடைக்குள் வந்தார்கள். பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். அளவாய்ப் பால் விட்ட தேத்தண்ணி நிறம். இந்தத் தொழிலில் அதைவிட நல்ல நிறம் கிடையாது. சிவஞானம் அண்ணை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து மனுசி என்னைக் கவுண்டரின் அந்தலை மூலைக்குக் கூப்பிட்டா. சின்ன உருவம், நெற்றி நிறையத் திருநீறு.

"இவருக்குப் பிளக் குடுத்தது நீங்கள்தானே? வீட்டில இந்த மனுசன் வாயே திறக்கிறேல்லை பிள்ளை. பேப்பருக்குள்ள தலையை விட்டாரெண்டால் சாப்பிடத்தான் வெளியில எடுப்பார். நானும் கதைச்சுப் பார்த்துக் களைச்சுப்போய் விட்டிட்டன். சைக்கிளில எண்டால் எழும்பிப் போகேலாதுதானே! சொல்றதுக்கெல்லாம் 'ம்' கொட்டுறார், சிரிக்கிறார், போன கிழமை கேள்வியும் கேட்டவர்" என்று மூச்சு விடாமல் சொன்னா. பிறகு அவர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்தா:

"இன்னும் ஒரு படி மெதுவா ஓடுற பிளக் இருக்கோ, பிள்ளை?"

பிளக் புத்தகம் அடித்தவர்கள் வண்டியின் பேர், வருசம், எஞ்சினின் அளவு என்று எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருக்கிறார்கள். பின்னால் இருக்கிறவ எவ்வளவு கதைப்பா என்பதற்கு மட்டும் இடம் விடவில்லை.