போட்டி நாளில் மட்டும் சுடாத துப்பாக்கி

துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு வந்தவர்களில் நானும் ஒருவன். அப்படிப்பட்ட நான் ஒரு குளிர்காலம் முழுவதும் ஒஸ்லோவின் காட்டோரத்தில் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு, துப்பாக்கி வெடிக்க வேண்டுமே என்று மன்றாடியபடி நின்றேன். அது வெடிக்கவில்லை.

எங்கள் மகள் பயத்லான் ஓடினாள். பனிச்சறுக்குக் கட்டைகளில் மூச்சு முட்ட ஓடிவந்து, முதுகில் சுமந்த துப்பாக்கியைக் கழற்றி, தூரத்தில் தெரியும் ஐந்து கரும்புள்ளிகளைச் சுட்டுவிட்டு மறுபடி ஓடும் விளையாட்டு. நாங்கள் குடியிருந்த ஹொல்ம்லியாவில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் பரதமும் மிருதங்கமும் பழகிக்கொண்டிருக்க, இவள் பள்ளித் தோழி ஒருத்தியோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, தனக்கு இதுதான் வேண்டும் என்றாள். எனக்கு அப்போது ஓய்வூதியம் தொடங்கியிருந்தது. காலம் தாழ்த்திக் கல்யாணம் செய்தவனுக்கு பென்ஷனும் பதினாறு வயதுப் பிள்ளையும் ஒரே காலத்தில்தான் வந்து சேரும்.

துப்பாக்கியை இரும்புப் பெட்டகத்தில் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் அடுக்குமாடி வீட்டில் அதற்கு இருந்த ஒரே இடம் சாமான் அறை. அங்கே ஏற்கெனவே என் மனைவியின் பிள்ளையாரும் முருகனும் அம்பாளும் ஒரு தட்டில் குடியிருந்தார்கள்.

“சாமி இருக்கிற இடத்திலை துவக்கோ?” என்றாள் மனைவி.

“முருகனட்டை வேல் இல்லையோ?”

“முருகன் எங்கடை வீட்டுக் கதவைத் தட்டி வேலைக் காட்டினவரே?”

ஊரில் அவளுடைய வீட்டுக் கதவைத் துப்பாக்கியோடு தட்டியவர்கள் பல தரப்பினர். கடைசியில் மகளுக்காக ஒத்துக்கொண்டாள். ஆனால் பெட்டகம் வந்த நாளிலிருந்து விளக்கேற்றப் போகும்போது அதற்கு முதுகைக் காட்டியபடிதான் நிற்பாள்.

முதல் கோளாறு டிசம்பரில் நடந்தது. நல்ல குளிர். மகள் ஓடிவந்து படுத்தாள், குறி பார்த்தாள், விசையை இழுத்தாள். ஒன்றும் இல்லை. பக்கத்துப் பாய்களில் மற்றப் பிள்ளைகள் படபடவென்று சுட்டுவிட்டு எழுந்து ஓடினார்கள். இவள் மட்டும் அசையாமல் கிடந்தாள். அது விதி. இழுத்தும் வெடிக்காத ரவை, அதாவது தோட்டா, சற்றுப் பிந்தி வெடிக்கலாம் என்பதால், குழல் இலக்கைப் பார்த்தபடி கொஞ்சம் காத்திருந்துதான் திறக்க வேண்டும். அந்த விதியை அவளுக்கு மூன்று முறை ஒப்புவிக்க வைத்தவன் நான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அவள் அதைப் பிசகாமல் கடைப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, விதிகளில் எனக்கிருந்த பிரியம் சற்றுக் குறைந்தது.

ரவை கெட்டுவிட்டது என்றார்கள். வேறு ரவை வாங்கினோம். அடுத்த குளிரான போட்டியிலும் அதே கதை. துப்பாக்கி திருத்துபவரிடம் கொண்டுபோனேன். அவர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, இதைவிட ஒழுங்காகப் பராமரித்த துப்பாக்கியைத் தான் கண்டதில்லை என்றார். என் வாழ்க்கையில் அவ்வளவு எரிச்சலூட்டிய பாராட்டு வேறு கிடைத்ததில்லை.

மூன்றாவது முறை நடந்ததும், இறுக்கமாகத் தொப்பி போட்ட, அன்பான மனிதரான பயிற்சியாளர் என்னை ஒரு பக்கம் கூட்டிப்போனார். துப்பாக்கி சரி, ரவை சரி. ஆகவே பிள்ளைதான் போல்ட்டை முழுதாகத் தள்ளவில்லை என்பது அவர் முடிவு. பெருவிரலால் தள்ள, ரவையை உள்ளே அனுப்பிப் பூட்டுகிற உருக்குத் துண்டுதான் போல்ட். அது மயிரிழை பின்னுக்கு நின்றாலும் உள்ளேயிருக்கும் ஊசி ரவையைச் சரியாக இடிக்காது. பயத்தில் விரல் தயங்குகிறது, போட்டி என்றால் அவளுக்கு அப்படி ஆகிறது என்றார். பெப்ரவரிப் போட்டியில் ஒரு தடையும் இல்லாமல் சுட்டு முடித்தால் போதும், புள்ளிகள் விழாவிட்டாலும் பரவாயில்லை. மறுபடி நின்றுபோனால் போட்டிக் குழுவிலிருந்து எடுத்துப் பொழுதுபோக்குக் குழுவில் விடுவதுதான் அவளுக்கு நல்லது. நோர்வேயில் தண்டனைகளை எப்போதும் ஒருவருடைய நன்மைக்காகவே தருவார்கள்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலையிலிருந்த காலம் முழுவதும் நான் செய்தது. மின்மானிகளையும் சுவிட்சுகளையும் குளிரறைக்குள் அடைத்து, எந்தக் குளிரில் எது செயலிழக்கிறது என்று பார்க்கும் வேலை. ஆகவே துப்பாக்கியைச் சோதிக்கத் தொடங்கினேன். கிழமை நாட்களில், மனைவி பாலர் பாடசாலைக்கு வேலைக்குப் போனபின், பள்ளி முடிந்து வரும் மகளைக் கூட்டிக்கொண்டு காட்டிலிருந்த சுடுதளத்துக்குப் போவேன். எண்ணெயை முற்றாகத் துடைத்துச் சுட்டோம். ஒரு துளி எண்ணெயோடு சுட்டோம். துப்பாக்கியைத் தனியே விடக்கூடாது என்பதால், அது நன்றாகக் குளிரும்வரை நானும் பக்கத்தில் இருந்து குளிர்ந்தேன். மைனஸ் பதினெட்டிலும் சுட்டது. பனித்தூள் படிந்தும் சுட்டது. ஒரு ரவைகூடப் பிசகவில்லை.

சோதனையில் தோற்கும் பொருளைத் திருத்தலாம். சோதனையில் தோற்காமல் பாவனையில் மட்டும் தோற்கும் பொருளைப்போலப் பயங்கரமானது எங்கள் தொழிலில் வேறில்லை. ஏனென்றால் அதன்பின் எல்லோரும் பொருளை விட்டுவிட்டு ஆளைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

மகளும் அப்படித்தான் தொடங்கினாள். போல்ட்டை ஒருமுறை தள்ளிவிட்டு நம்பிக்கையில்லாமல் இன்னொருமுறை தள்ளினாள். சாப்பாட்டு மேசையில் தன் வலது கைப் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒருநாள் காரில் வரும்போது சொன்னாள்:

“அப்பா, ட்ரேனர் சொல்றது சரியெண்டுதான் நினைக்கிறன்.”

“என்ன சரி?”

“நான்தான் தள்ளேல்லை. தள்ளினனான் எண்டு எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அந்த ஞாபகம் சரியோ எண்டு தெரியேல்லை.”

ஹவுகெட்டோ சந்தியில் பச்சை விளக்கு விழுந்ததைக் கவனிக்காமல் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் ஹோர்ன் அடித்தார். ஒரு பிள்ளை விளையாட்டை விட்டுவிடலாம். அதில் எனக்குத் துக்கமில்லை. தன் கை செய்ததைத் தானே நம்பாமல் போவது வேறு விஷயம். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு ஒழுங்காக இறங்கவில்லை.

பாவனையில் மட்டும் தோற்றால், சோதனையைப் பாவனையாக்க வேண்டும் என்பது எங்கள் முறை. போட்டிக்கு முந்திய வார ஞாயிற்றுக்கிழமைக்குச் சுடுதளத்தில் அனுமதி வாங்கினேன். மகளிடம், போட்டிக்குப் போவதுபோலவே எல்லாம் செய் என்றேன். மனைவியிடம், போட்டி என்றே சொன்னேன். சோதனை என்று தெரிந்தால் மனிதர்கள் வேறு மாதிரி நடந்துகொள்வார்கள் என்பதற்காகவே தவிர, அவள்மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

அந்த ஞாயிறு, போட்டி நாள் காலையில் வழமையாகச் செய்வதையே செய்தேன். பெட்டகத்திலிருந்து துப்பாக்கியையும், வேறாகப் பூட்டி வைத்திருக்கும் போல்ட்டையும் எடுத்து நடையிலிருந்த மேசைமேல் துணி விரித்து வைத்தேன். மகள் குளியலறையில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கார்க் கண்ணாடியின் உறைபனியைச் சுரண்ட இறங்கிப் போனேன். சுரண்டும் தகடு முறிந்துபோனது. மற்றதை எடுக்க மேலே வந்தேன்.

மனைவி துப்பாக்கிக்கு முன்னால் நின்றாள். ஒரு கையில் போல்ட். மற்றக் கையில் தண்ணீரில் குழைத்த திருநீறு. போல்ட்டை உருட்டி உருட்டி மூன்று விரலால் குறி இழுத்தாள். பிறகு சீலைத் தலைப்பை நனைத்து வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்துத் துணிமேல் இருந்தபடியே வைத்தாள். திரும்பியபோது என்னைக் கண்டாள்.

“நீங்கள் பேசுவியள் எண்டுதான் துடைச்சுப்போட்டு வைக்கிறனான்,” என்றாள்.

“ஒவ்வொருமுறையும் செய்யிறனீரோ?”

“போட்டிக்குப் போகேக்கை மட்டும். ஏன், நெத்தியிலை பூசினா அவள் ஓட முதலே அழிச்சுப்போடுவாள்.”

நான் போல்ட்டை எடுத்து அதன் வாயை வெளிச்சத்துக்குப் பிடித்தேன். ஊசி ஓடும் துளையின் விளிம்பில் ஒரு நீர்த்துளி தொங்கியது. வெளியே மைனஸ் பதினாறு. அந்தத் துளி உள்ளே போய் ஊசியைச் சுற்றி உறைந்தால் ஊசி ஓடாது என்பதை எந்த முதலாண்டு மாணவனும் சொல்வான். ஒவ்வொரு போட்டியும் முடிந்து வீட்டுக்கு வந்து கழற்றும்போது பனி உருகியிருக்கும். மிச்சமிருந்த சாம்பலை நான் வெடிமருந்துக் கரி என்று நினைத்து ஒவ்வொருமுறையும் துடைத்திருக்கிறேன்.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஏதோ விளங்கியது.

“இஞ்சேருங்கோ, என்ன? நான் ஏதும் கெடுத்துப்போட்டனோ?”

“தெரியாது. சுட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

“அப்ப நானும் வாறன்.”

அவள் ஒருநாளும் வந்ததில்லை. துப்பாக்கிச் சத்தம் கேட்கும் இடத்துக்குக் காசு கொடுத்தாலும் வரமாட்டேன் என்றவள், தன் தடித்த மேலங்கியை மாட்டிக்கொண்டு பின்னிருக்கையில் ஏறினாள். துளையைத் துடைக்காத போல்ட்டோடு போனோம். காரணத்தை ஊகித்துவிட்டுத் துடைத்தால் அது சோதனையில்லை. தவிர, என் ஊகம் தவறாக இருந்துவிடுமோ என்ற பயமும் இருந்தது. தவறென்றால் மிஞ்சுவது மகளின் விரல்தான்.

சுடுதளத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. துப்பாக்கி நன்றாகக் குளிரும்வரை காத்திருந்தோம். மகள் ஒரு சுற்று ஓடிவந்து படுத்தாள். மனைவி இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள்.

டிக்.

மகள் அசையாமல் கிடந்தாள். மனைவி காதிலிருந்து கையை எடுத்தாள்.

“ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

“இதுதான்,” என்றேன்.

மகள் காத்திருந்து, திறந்து, அடுத்த ரவையைத் தள்ளினாள். டிக். அவளுடைய தோள்கள் தளர்ந்து நெற்றி பாயில் போய் முட்டியது. நான் சற்றுக் காத்திருந்து துப்பாக்கியை வாங்கி, போல்ட்டைக் கழற்றி எடுத்தேன். ஊசித்துளை வாயில் சாம்பல் நிறத்தில் ஒரு பனிவளையம். அதை நான் காட்டுவதற்குள் மனைவி பனியில் முழங்கால் குத்தி உட்கார்ந்துவிட்டாள்.

“பிள்ளை, அது நான்.”

“என்னது நீங்கள்?”

“திருநீறு பூசினனான். தண்ணியிலை குழைச்சு. அது உள்ளுக்கை உறைஞ்சிருக்கு.”

மகள் எழுந்து உட்கார்ந்தாள். “எல்லாப் போட்டிக்குமோ?”

“ஓம்.”

“ஏன் அம்மா? நான் வெல்லவோ?”

“வெண்டா என்ன, விட்டா என்ன. அந்தச் சாமான் உனக்கு ஒண்டும் செய்யக்கூடாதெண்டு.”

மனைவி சாமியிடம் கேட்டது அப்படியே கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவாள் என்று பயந்தேன். அவளோ கையுறையைக் கழற்றித் தன் பெருவிரலை மடித்து நிமிர்த்திப் பார்த்தாள்.

“அப்ப நான் தள்ளினனான்,” என்றாள்.

“தள்ளினனீ,” என்றேன்.

“ஒவ்வொருமுறையும் தள்ளினனான்.”

பிறகுதான் அழுதாள். அழுது முடிந்ததும் கோபம் வந்தது. வீடு வரும்வரை பின்னிருக்கையைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு நாள் தாயோடு கதைக்கவுமில்லை. மூன்றாம் நாள் ரொட்டி கேட்டாள். எங்கள் வீட்டில் சமாதானப் பேச்சுகள் அடுப்படியில்தான் நடக்கும்.

பயிற்சியாளரிடம் ஈரம் புகுந்திருந்தது என்று மட்டும் சொன்னேன். பொய்யில்லை. அவர் தலையாட்டினார். ஆனால் போட்டியில் பார்ப்போம் என்றார். நியாயம்தான். நானாக இருந்தாலும் ஒரு தகப்பனின் விளக்கத்தை நம்பியிருக்கமாட்டேன்.

போட்டியன்று அதைவிடக் குளிர். மனைவியும் வந்து வேலியில் என் பக்கத்தில் நின்றாள், கைகள் இரண்டும் சட்டைப்பைக்குள். போல்ட்டை நான் இரண்டு தரம் உலர்த்தியிருந்தேன். இருந்தும், மகள் ஓடிவந்து படுத்தபோது கம்பிவேலியை இறுகப் பிடித்துக்கொண்டேன். துளையில் ஒன்றுமில்லை என்று தெரிந்திருப்பதும் வெடிச்சத்தம் கேட்பதும் ஒன்றல்ல.

வெடித்தது. மனைவி குலுங்கினாள். மறுபடி வெடித்தது. ஐந்தும் வெடித்தன, ஐந்து கரும்புள்ளிகளும் வெள்ளையாகின. அடுத்த சுற்றில் நின்று சுட வேண்டும். அது கடினம், நெஞ்சு அடிக்கும் அடிக்குக் குழல் ஆடும். முதல் மூன்றும் வெடித்தன, விழுந்தன. நாலாவதற்கு நீண்ட நேரம் எடுத்தாள். பயிற்சியாளர் கழுத்தை நீட்டினார். நான் வேலியை விட்டேன், பிடித்தேன்.

வெடித்தது. கரும்புள்ளி அப்படியே நின்றது. ஐந்தாவதும் வெடித்தது. அதுவும் தவறியது.

தவறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய தண்டனைச் சுற்று ஓட வேண்டும். அந்தச் சுற்று எங்கள் வேலிக்கு அருகால் போகும். மற்றப் பிள்ளைகள் அதில் தலை குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு போவார்கள். எங்கள் மகள் வாய் கொள்ளாச் சிரிப்போடு வந்தாள்.

“அப்பா! ரெண்டும் நான் விட்டது! துவக்கு இல்லை, நான்!”

“கண்டனான், ஓடு!” என்று கத்தினேன்.

இரண்டாம் சுற்றிலும் அதே சிரிப்போடு கடந்து போனாள். பயிற்சியாளர் தன் கைக்கடிகாரத்தை அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பி, இனி நின்று சுடப் பழக்க வேண்டும், செவ்வாய்க்கிழமை போட்டிக் குழுவோடு வரச் சொல்லுங்கள் என்றார்.

மனைவி என் கையை இழுத்தாள்.

“ரெண்டு பிழைச்சதெல்லோ? பிறகேன் இந்தப் பிள்ளை இப்பிடிச் சிரிச்சுக்கொண்டு ஓடுது?”