என் நோட்டின்மேல் உட்கார்ந்தவர்

என் கையிலிருந்த நோட்டை வாங்கித் தன் நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார் அந்த அம்மா. பல வருஷம் முன்பு அம்பத்தூரில் நான் பணியாளர் அதிகாரியாக இருந்த தொழிற்சாலை அது. இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப் நடுவே, முப்பது பேர் பார்க்க அப்படிச் செய்தார். அவர் இறந்து ஒரு மாதம் ஆகிறது, எனக்கு அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

இன்று ஆவடி முதல் பூந்தமல்லி வரை எந்த ஆலைக்குப் போனாலும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசுகிறார்கள். நிறுவன மேம்பாடு என்று அதற்கு ஒரு பெயர். இந்தப் பக்கத்தில் அதற்கு முன்னோடி அவர்தானாம். இருக்கட்டும். என்னைவிட ஒன்பது வயது சின்னவர், அயனம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் ஆலோசகராக வந்தவர், ஒரு பிரஸ்ஸைக்கூட ஓட்டியதில்லை. என்னைக் கண்டால் தொழிலாளர்கள் எழுந்து நிற்பார்கள். அவரைக் கண்டால் "அக்கா" என்று சிரிப்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் வட்டம் கூடும். மேசை கிடையாது. அவரவர் சேதியை அவரவர்தான் சொல்ல வேண்டும், இன்னொருவருக்காக யாரும் பேசக் கூடாது என்பது அவருடைய விதி. முதல் வட்டத்தில் யார் என்ன பேசுகிறார் என்று குறித்துக்கொள்ள நான் என் வழக்கமான நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நோட்டு பறிபோனது அப்போதுதான்.

அது போனதும் ஒருவர் எழுந்தார். "ஏழாம் நம்பர் பிரஸ்ஸ ஒரு தபா மிதிச்சா ரெண்டு தபா எறங்குதுக்கா."

மூன்று மாதம் முன்பு அதே பிரஸ்ஸில் ஆள்காட்டி விரலை இழந்தவர் அவர். அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று விசாரணை அறிக்கை எழுதியவன் நான். பதினோரு வருஷமாக இங்கே இருக்கிறேன், என்னிடம் சொல்லாததை நேற்று வந்தவரிடம் சொல்கிறாரே என்று பொறுக்கவில்லை.

"ஏன்யா, இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே சார். வெரல் போறதுக்கு மின்னாடியே சொன்னேன். நீங்ககூட எழுதிக்கினீங்களே."

"பொய் சொல்லாதய்யா!" என்று கத்தினேன்.

அந்த அம்மா எழுந்து நோட்டைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. பிறகு அதை மூடி என்னிடம் நீட்டினார். அறைக்குப் போய்ப் பார்த்தேன். என் கையெழுத்தில், தேதியோடு அந்தப் புகார் இருந்தது.

மறுநாளே பிரஸ்ஸை நிறுத்தினார்கள். அறிக்கையில் இயந்திரக் கோளாறு என்று திருத்தி எழுதினேன். ஆனால் முப்பது பேர் முன்னால் அந்த மனிதரைப் பொய்யன் என்று சொன்னேனே, அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் கடைசியில், "வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுவிட்டு அந்த அம்மா கொஞ்ச நேரம் காத்திருப்பார். எல்லோரையும் பார்த்துத்தான் கேட்பார். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலில் அவருக்கு நினைவுக் கூட்டம். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். புகழ்வதுபோல் இரண்டு குத்தலும் சேர்த்துத்தான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். முன்வரிசையில் அந்த ஏழாம் பிரஸ்காரர் உட்கார்ந்திருந்தார், தலை முழுக்க நரைத்து. தயார் செய்ததெல்லாம் போயிற்று. "இவர் சொன்னது நிஜம். என் நோட்டில் இருந்தது. பொய் சொன்னவன் நான்தான். என்னை மன்னிச்சிடுங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினேன்.

அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோட்டுல இருந்துச்சான்னு அன்னிக்கே அக்காவ கேட்டேன் சார். 'அத அவர்தான் சொல்லணும், ஒரு நாள் சொல்வாரு'ன்னிச்சி. நீங்களாவது சொல்றதாவதுன்னு நான் பந்தயம் கட்னேன்." விரலில்லாத கையால் என் தோளைத் தட்டினார். "அக்கா கெலிச்சிட்ச்சி சார்."

செத்த பிறகும் அந்த அம்மாதான் ஜெயிக்கிறார் என்று எனக்குப் பொறாமையாக இருந்தது.