சொந்த மெஷின்

துபாயின் தேரா பகுதியில் என் அச்சகமும் எதிர்க்கடைக்காரரின் அச்சகமும் முறைத்துக்கொண்டு நின்றன. ‘சொந்த ஆஃப்செட் மெஷின்’ என்று நான் பலகை வைத்ததும், அவர் ‘ஜெர்மன் மெஷின்’ என்று வைத்தார். உண்மையில் இருவரிடமும் இருந்தது ஒரு கம்ப்யூட்டரும் லேமினேஷன் பெட்டியும்தான். வந்த வேலையெல்லாம் ஊருக்கு வெளியே அல் கூஸில் ஒரு மலையாளி பாயின் பெரிய பிரஸ்ஸுக்குப் போகும். அங்கே நேருக்கு நேர் பார்த்துவிட்டால், வழி தவறி வந்தவர்கள்போல் தலையைத் திருப்பிக்கொள்வோம்.

ஒரு தமிழ்ச் சங்கம் பொங்கல் விழா அழைப்பிதழுக்கு இருவரிடமும் மாதிரி கேட்டது. டிசைன் சங்கத்துடையது, அடியில் அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் மட்டும் அவரவருடையது. கிடைத்தால் வருஷம் முழுக்கச் சங்கத்து வேலை வரும், லைசென்ஸைப் புதுப்பிக்கலாம். இல்லையென்றால் என் ஷட்டர் இறங்கும்.

“எதிர்க்கடையைவிட நல்லா வரணும் பாய்” என்றேன். எதிர்க்கடைக்காரரும் அதையேதான் சொல்லியிருந்தாராம். பாய் சிக்கனக்காரர். இரண்டையும் ஒரே தாளில் ஓட்டி, வெட்டி, ஆளுக்கொரு கவரில் போட்டுக் கொடுத்தார்.

சங்கச் செயலாளர் கோயம்புத்தூர்க்காரர். என் கவரைப் பிரித்து அட்டையைத் தடவினார். “நல்ல திக்கான பேப்பருங்க. கலரும் அருமைங்க.” மூலையில் பேனாவால் ‘ஓகே’ என்று எழுதினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆனால் வேலை எதிர்க்கடைக்குப் போனது. ஓடிப்போய்க் கேட்டேன். செயலாளர் இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தார்.

“தப்பா நினைக்காதீங்க. உங்களுது கொஞ்சம் மெலிசுங்க, கலரும் டல்லுங்க.”

‘ஓகே’ எழுதிய அட்டையின் அடியில் எதிர்க்கடைக்காரர் பெயர் இருந்தது. பாய் கவரை மாற்றிப் போட்டிருக்கிறார். எழுத்துப்பிழைக்குத் திரும்பத் திரும்பப் பார்த்த நான், அடியில் இருந்த பெயரைப் பார்க்கவில்லை.

வாயைத் திறந்தால் வேலை எனக்கு. ஆனால் சொந்த மெஷினில் அடித்தவனின் கவரில் அடுத்தவன் பெயர் எப்படி வந்தது என்று கேட்பாரே? “பரவாயில்லைங்க சார்” என்று எழுந்து வந்தேன்.

லைசென்ஸ் முடிந்தது, ஷட்டர் இறங்கியது. எதிர்க்கடைக்காரர் டீயோடு வந்தார். தூத்துக்குடிக்காரர்.

“அண்ணாச்சி, டிசைனுக்கு ஆளு மாஃபி, ஒருத்தரும் இல்ல. நம்ம கடைக்கே வந்துருங்க.”

போனேன், வேறு வழி? முதல் வேலையாக ஒரு நோட்டீஸ் போடச் சொன்னார்: ‘இப்போது எங்களிடம் இரண்டு ஜெர்மன் மெஷின்கள்’. டிசைன் செய்து அல் கூஸுக்கு, பாயிடம் அனுப்பினேன்.