காற்றுப் போன பந்தும் மாமாவின் மீசையும்

பயத்தில் நான் செய்த காரியங்களை எழுதினால் ஒரு தடிப் புத்தகம் தேறும். தைரியத்தில் செய்தவற்றுக்கு ஒரு தபால் கார்டு போதும். விலாசம் எழுதிய பிறகும் அதில் இடம் மிச்சமிருக்கும். இது தடிப் புத்தகத்தில் வருவது. அப்போது எனக்குப் பத்து வயது, ஊர் ஆம்பூர், ராஜ்யம் வெள்ளைக்காரனுடையது.

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் வீட்டோடு இருந்துகொண்டு ஒரு தோல் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை பார்த்தார். பதனிட்டு வந்த தோலைக் கையில் வாங்கிக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவார். “இது மொதல் தரம், இது ரெண்டாம் தரம், இது சீக்கு புடிச்ச ஆடு” என்று சொல்லிவிடுவார். கிடங்கு முதலாளியே மறுபேச்சுப் பேசுவதில்லை. சாயங்காலமானால் அவர்தான் கிடங்கு புட்பால் அணிக்குக் கேப்டன். மற்ற பத்துப் பேரும் பகலெல்லாம் தொட்டியில் இறங்கித் தோலை மிதிக்கிறவர்கள். பூட்ஸ் என்பதை அவர்கள் தோலாக இருந்தபோது பார்த்ததோடு சரி.

வருஷத்துக்கு ஒருமுறை ஜோலார்பேட்டை ரயில்வே அணி எங்களோடு ஆட வரும். கோடு போட்ட சட்டை, முட்டிவரை காலுறை, பூட்ஸ். அவர்கள் கேப்டன் ஓர் எஞ்சின் டிரைவர். அவர் உதைத்தால் பந்து வழியில் எந்த ஸ்டேஷனிலும் நிற்காது. தொடர்ந்து மூன்று வருஷம் நாங்கள் தோற்றிருந்தோம். மூன்றாவது தோல்வியன்று காபி கிளப்பில் யாரோ சிரித்துவிட, மாமா எழுந்து நின்று, “வர்ற வருஷம் தோத்தா இந்த மீசைய எடுத்துட்றேன்” என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். சொன்னபோது அந்த வருஷம் வெகு தூரத்தில் இருந்தது.

வந்ததோ, பெண் வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வந்தது. வெள்ளிக்கிழமை ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை மாமாவை மாப்பிள்ளை பார்க்க வாலாஜாபேட்டையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

“அப்பன் ஆத்தா குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப மீசைய எடுத்துட்டு நின்னா, யாரு செத்தாங்கன்னு கேக்க மாட்டாங்களா? நான் இன்னா சொல்றது, புட்பால் செத்துடிச்சுன்னா?” என்று அம்மா ஒரு வாரமாக மாமாவைத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“ஜெயிச்சுட்றேன்கா” என்பார் மாமா, மீசையைத் தடவியபடி.

கிடங்குகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்மா தொழுகையெல்லாம் முடிந்து நாலு மணிக்கு ஆட்டம். காலையிலேயே மாமா கிடங்குச் சுண்ணாம்பை வாளியில் எடுத்துக்கொண்டு பாலாற்றங்கரை மைதானத்தில் கோடு போடப் போய்விட்டார். அம்மா துணி துவைக்கப் போயிருந்தாள். நான் வயிற்றுவலி என்று சொல்லிப் பள்ளிக்கு மட்டம் போட்டிருந்தேன். அணிக்கு இருந்தது ஒரே ஒரு பந்து. எலி கடிக்காமலிருக்க அதை உத்தரத்தில் வலைபோட்டுத் தொங்கவிட்டிருந்தார் மாமா. எலிக்கு எட்டாது. எனக்கு முக்காலி போட்டால் எட்டும்.

பந்துக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பந்தின் வாயைத் தைத்திருந்த வாரை அவிழ்த்துப் பார்த்தேன். காற்றடிக்கிற வால் முளைத்த ஒரு சிவப்பு ரப்பர்ப் பை. இதற்கா இத்தனை கூச்சல் என்று ஏமாற்றமாகப் போய்விட்டது. திரும்ப மூடி, வாரை இழுத்துக் கோக்கிற கொக்கி ஊசியை உள்ளே விட்டேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே விட்டுவிட்டேன். பந்து ‘ஸ்ஸ்’ என்றது.

நான் அழவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டும். என் மூச்சும் பந்தோடு போய்விட்டிருந்தது.

சைக்கிள் கடை பாயிடம் போனால் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அவர் பார்த்த பஞ்சர்களிலேயே பெரிய ஓட்டை அவர் வாய்தான். தோல் ஊரில் பிறந்தவனுக்கு எந்த ஓட்டைக்கும் தோல்தான் மருந்து என்று நெஞ்சில் ஊறியிருக்கும் போலிருக்கிறது. ரப்பருக்கு ரப்பரைத்தான் ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமா எனக்கென்று பச்சைச் சாயத் தோலில் ஒரு புத்தகப் பை தைத்துக் கொடுத்திருந்தார். ஊரில் அந்த நிறத்தில் அது ஒன்றுதான். அதன் மூலையில் நாலணா அகலத்துக்கு வெட்டி, ஆலம்பால் தடவி ஓட்டையின்மேல் அழுத்தி, நூறு எண்ணினேன். இன்னும் நூறு எண்ணினேன். மாமாவின் பம்ப்பால் காற்றடித்துத் தொங்கவிட்டேன். அப்புறம் மாமா வந்து எடுத்துக்கொண்டு போகிறவரை நாற்பது தடவை முக்காலி ஏறி இறங்கியிருப்பேன். பந்து கல்லுப்போல இருந்தது. என் கால்தான் களியாகிவிட்டது.

மைதானத்துக்குப் புத்தகப் பையோடு போனேன். வீட்டில் விட்டுப்போனால் அம்மா வெட்டிய மூலையைப் பார்த்துவிடுவாளாம். திருடிய பொருளை மறைக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கே எடுத்துப் போகிற மூளை எனக்கு அப்போதே வாய்த்திருந்தது. கூட்டத்தில் பையின்மேல் உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பக்கத்தில் சைக்கிள் கடை பாய்.

“இன்னாடா இப்டி நெளியற? எறும்பா?”

“வயித்து வலி பாய்.”

“வயித்து வலிக்கு எதுக்குடா புஸ்தகப் பை?”

பதில் சொல்வதற்குள் ரயில்வேகாரர்கள் கோல் போட்டுவிட்டார்கள். டிரைவர் அடித்தது. எங்கள் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கப் போனாரா, அதற்கு வழிவிட்டாரா என்று இன்றுவரை தகராறு உண்டு. கொஞ்ச நேரத்தில் இரண்டாவதும் விழுந்தது. முதல் கோலுக்குக் கண்ணை மூடிக்கொண்டேன், இரண்டாவதற்குக் காதையும் சேர்த்து. எதிர்ப்பக்கத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ஒருவன் நிஜமாகவே ஒரு சவரக் கத்தியை எடுத்து வெயிலில் மினுக்கிக் காட்டினான். “கேப்டனுக்கு வெந்நீர் போடுங்கப்பா!” என்று கத்தினான். அவன் கூட்டம் சிரித்தது. நம்மாட்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

ஆப்டைமில் எல்லோரும் மோர் குடித்தார்கள். மாமா குடிக்கவில்லை. பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினார். வேறொரு பக்கம் திருப்பி இன்னோர் அமுக்கு. அப்புறம் வானத்தைப் பார்த்தார்.

நான் மூச்சை நிறுத்தியிருந்தேன்.

மாமா பந்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் ஆட்களிடம், “இனிமே ஒருத்தனும் தூக்கி அடிக்காதீங்கடா. கால்லயே வெச்சுக்கினு உருட்டுங்க” என்றார். அவ்வளவுதான். ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று மூச்சை விட்டேன். லட்சம் தோலை எடைபோட்ட விரல் ஒரு பந்திடம் ஏமாந்துபோகும் என்று நம்புவதற்குப் பத்து வயது சௌகரியமான வயது.

இரண்டாவது பாதி தொடங்கியது. முன்பு ‘டங்’ என்று கேட்ட சத்தம் இப்போது ‘தொப்’ என்று கேட்டது. பாய் காதைத் தீட்டினார்.

“இன்னாபா, சத்தம் ஒரு மாதிரியா கீது? காத்து கம்மி போல.”

“மண்ணு ஜாஸ்தி பாய். ஆத்து மண்ணு.”

“முப்பது வருஷமா டியூப்ப பாக்கறவன்டா நான். எனக்கா சொல்ற?”

விட்டால் ரெப்ரியிடமே போய்விடுவார் போலிருந்தது. என் வாயில் வந்ததைச் சொன்னேன். “பாய், வர்றப்ப பாத்தேன், உங்க கடை தொறந்து கெடக்குதே?”

பாய் ஜேபியைத் தடவினார். சாவி இருந்தது. ஆனால் பூட்டிய ஞாபகம் இல்லை. “அரே அல்லா” என்று எழுந்து ஓடினார். அந்த ஓட்டத்தில் அவர் தவறவிட்டது இரண்டு கோல். அதற்காகச் சாகும்வரை என்னை மன்னிக்கவில்லை.

மைதானத்தில் கூத்து நடந்துகொண்டிருந்தது. டிரைவர் ஓடி வந்து முழு பலத்தோடு உதைப்பார். பந்து பன்னிரண்டு அடி போய், அலுப்பாக இருக்கிறது என்பதுபோலப் படுத்துக்கொள்ளும். பூட்ஸ் முனை அதில் புதைந்தது. ரயில்வேகாரர்கள் வெயிலைத் திட்டினார்கள், மண்ணைத் திட்டினார்கள், ஒருவரையொருவர் திட்டிக்கொண்டார்கள். எங்களாட்களுக்கோ ஊறிய தோலைக் காலால் புரட்டுவதே பிழைப்பு. அந்தத் தொளதொளத்த பந்து அவர்களுக்குச் சொந்தக்காரன்போல ஆகிவிட்டது. கால்விரலால் கவ்விக்கொண்டு போனார்கள். கோல் முனையில் ஏழெட்டுப் பேர் ஒரே குவியலாக விழ, புழுதி அடங்கியபோது பந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. இரண்டுக்கு ஒன்று.

எங்கள் ஊர் கோல் போட்டதில் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. பந்து இன்னும் எவ்வளவு நேரம் பந்தாக இருக்கும் என்பதுதான் என் கவலை. முடிய ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது மாமா தனியாகப் புகுந்து, இரண்டு பேரைத் தாண்டித் தரையோடு தள்ளினார். கோல்கீப்பர் பந்து எழும்பும் என்று எம்பினார். அது எழும்பவில்லை. அவருக்குக் கீழே புகுந்து மெதுவாக, விருந்தாளி வீட்டுக்குள் நுழைவதுபோல, உள்ளே போயிற்று.

இரண்டுக்கு இரண்டு. தொப்பிகளும் துண்டுகளும் பறந்தன. எல்லோரும் மூன்றாவதைக் கேட்டுக் கத்தினார்கள். அப்போது மாமா பந்தை எடுத்தார். நடுக்கோட்டுக்குப் போகாமல் நேராக ரெப்ரியிடம், பள்ளி டிரில் வாத்தியாரிடம், போனார்.

“சார், பந்துல காத்து கம்மியா கீது. அடிச்சுக்கினு ஆடலாம்.”

“அண்ணே! இன்னாண்ணே பண்ற?” என்று எங்கள் கோல்கீப்பர் அந்த முனையிலிருந்து அலறினார்.

“சும்மா இருடா.”

டிரைவர் பந்தை வாங்கி அமுக்கிப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். பிறகு கையை நீட்டி, “நீ ஜென்டில்மேன்யா” என்றார். எதிர்ப்பக்கம்கூடக் கை தட்டியது.

நான் தட்டவில்லை. பந்தைப் பிரித்தால் உள்ளே பச்சை. பச்சைக்கு ஊரில் ஒரே சொந்தக்காரன். பையை உருவிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துப் பாய் கையில் பம்ப்போடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். என் வயிற்றைப் பார்த்தார்.

“இன்னாடா, வலி வெளியவே வந்துடிச்சா?”

அதற்குமேல் நிற்காமல் மைதானத்துக்குள் போனார். அவர் பம்ப்பை வாங்கிக்கொண்ட மாமா, எல்லோருக்கும் முதுகு காட்டிக் குந்தி, வாரை அவிழ்த்தார். கையை உள்ளே விட்டார். கை நின்றது. தலையைத் தூக்கிக் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சதுரமான வயிற்றோடு நின்ற என்னிடம் வந்ததும் பார்வை நின்றது. மாமாவின் மானம் கப்பலேறும், அம்மாவுக்குச் சாமியேறும், நான் ரயிலேறி ஓடிவிட வேண்டியதுதான் என்று முடிவுகட்டினேன். ஜோலார்பேட்டை ரயில்தான் என்று நினைத்ததும் அதிலும் தைரியம் போயிற்று.

“எங்க, நான் ஒரு பார்வ பாக்கறேன்” என்று பாய் குனிந்தார்.

“வேணாம் பாய். வார்தான் லூசாகிப் போச்சு” என்ற மாமா, காற்றடித்து, வாலைக் கட்டி, சட்டென்று உள்ளே தள்ளி மூடிவிட்டார்.

கடைசி ஐந்து நிமிஷம் ஐந்து வருஷம். கெட்டிப்பட்ட பந்தை வைத்துக்கொண்டு ரயில்வே எங்கள் கோலை முற்றுகையிட்டது. டிரைவர் அடித்த ஒன்று கம்பத்தில் மோதிய அதிர்ச்சியில் கம்பமே சாய்ந்துவிட்டது. விசில் ஊதியபோது மாமா மண்டியிட்டு மூக்குக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டார். இருந்தது. தோற்றால்தானே எடுப்பதாகப் பேச்சு. கத்திக்காரன் கத்தியை மடக்கிக்கொண்டு ரயிலைப் பார்க்கப் போனான்.

ஜெயிக்கிற ஆட்டத்தை நியாயத்துக்காக நிறுத்தியவர் என்று ஊர் மாமாவைத் தோளில் தூக்கியது. அந்தப் புகழ் அவருக்கு முன்னால் வாலாஜாபேட்டைக்குப் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தைக்கூட விசாரிக்கவில்லை. “இந்தக் காலத்துல இப்டி ஒரு புள்ளையா!” என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். மாமா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அடக்கம் என்று அதற்கும் ஒரு மார்க் விழுந்தது.

நானோ அடிக்காகக் காத்திருந்தேன். வெள்ளி போயிற்று, சனி போயிற்று. சோறு தின்னும்போதும் முதுகைச் சுவரோடு ஒட்டிவைத்துக்கொண்டேன். மாமா எழுந்தால் நான் எழுந்தேன். அவர் இருமினால் எனக்கு விக்கியது. அடி விழவில்லை. விழாத அடி விழுந்ததைவிட வலித்தது. திங்கட்கிழமை தாங்க முடியாமல் கிடங்குக்கே போய், தோல் அடுக்குக்கு நடுவில் அவர் முன் நின்றேன்.

“மாமா, அந்தப் பந்த நான்தான்…”

“எந்தப் பந்து?” மாமா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். “எந்தப் பந்துடா? உனக்கு இன்னா, ஜொரமா?”

“இல்ல மாமா, ஆப்டைமுக்கு முன்னாடியே காத்து…”

“டேய்!” என்று என் வாயைப் பொத்தினார். கையில் கடுக்காய் வாசனை. பிறகு குரலை இறக்கி, “யார்கிட்டயாவது சொன்னியா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். பெண் வீட்டார் கொண்டுவந்த மக்கன் பேடாவில் தன் பங்கைத் தின்னாமல் இலையில் மடித்து வைத்திருந்தார் போலிருக்கிறது. அதை எடுத்து என் கையில் வைத்து, “துன்னு” என்றார். தின்னத் தின்ன என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறு வாரம் பழுப்பு நிறத்தில் எனக்குப் புதுப் பை வந்தது. பழையதை அவரே வாங்கிக்கொண்டு போனார். அதை அப்புறம் நான் பார்க்கவில்லை.

என் மேல் மாமாவுக்கு இருந்த பாசத்தை வெகுநாள்வரை பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். கல்யாணமாகி வந்த மாமியிடமும் சொன்னேன். அந்தப் பந்துப் பேச்சை நான் எடுத்தபோதெல்லாம் மாமா ஏன் என்னை மிட்டாய்க் கடைக்குக் கூட்டிப்போனார் என்று யோசித்ததில்லை. அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் பயந்துகொண்டிருந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.