கண் திறக்காத சிப்பாய்கள்

என் மனைவி சாரதாம்பாள் காய்ச்சலில் படுத்திருந்த வாரம், விடியும்போது எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும். ஊற்றியது யாரென்று தெரியாது. ஒருநாள் தொட்டி விளிம்பில் பட்டாளத்துப் பச்சைப் பெயிண்டில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் அப்படிப்பட்ட விரல் ஒருவருக்குத்தான் உண்டு: பக்கத்து வீட்டு மருதப்பன்.

அந்த நன்றிக்காகத்தான் அவரைப் பொறுத்துக்கொண்டேன். பட்டாளத்து முகாமில் வெள்ளைக்காரத் துரைமார் தகரத்தில் சின்னப் பொம்மைக் கவச வண்டிகள் செய்துவைப்பார்கள். அதில் உட்கார வேண்டிய ஆட்களை மருதப்பன் ஈயத்தில் வார்த்துக் கொடுப்பார். பாதிச் சுண்டுவிரல் உயரம். பிரஷ்ஷை வாயில் வைத்துக் கூராக்குவார். அதே வாயில் வெற்றிலையும் போடுவார்.

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய மறு வருஷம், ஊர் திரும்பும் கேப்டன் ஒருவர் தம் வண்டியில் இருந்தவர்களை, தம்மையும் சேர்த்து மூவரை, செய்யச் சொன்னார். சனிக்கிழமைப் பிரிவு விருந்தில் மேசைமேல் வைக்க. முகாமை ஏற்கவரும் புதுப் பட்டாளத்து அதிகாரிகளுக்குப் பிடித்துவிட்டால் முகாமின் பட்டறையில் மருதப்பனுக்கு நிரந்தர வேலை. இல்லையென்றால் மச்சான் இருக்கும் ஜாசின் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை போனால், டிரைவர் பொம்மையின் பூட்சுக்கு நாடா வரைந்துகொண்டிருக்கிறார். வண்டிக்குள் வைத்தால் டிரைவருக்குத் தலை மட்டும்தான் வெளியே தெரியும்.

"யாருய்யா அதைப் பார்க்கப் போறா?"

"போட்டிருக்கறவனுக்குத் தெரியும்ல அண்ணே."

வெள்ளிக்கிழமை பித்தான்வரை எல்லாம் தயார். மூவருக்கும் கண் மட்டும் இல்லை.

"இன்னிக்கி அஷ்டமி, நாளைக்கி நவமி. ஞாயித்துக்கெழமை தொறக்கறேன்."

"விருந்து நாளைக்கிய்யா! நாள் பார்த்துக் கண்ணு தொறக்கறது சாமிக்கு. இது சிப்பாய்!"

"உருவம்னா உருவந்தாண்ணே."

வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிற என்னிடமே இந்தப் பேச்சு. முருகா என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவர் மனைவி கமலவேணி என்னைவிட ஓங்கி அடித்துக்கொண்டாள். "இந்த மனுசனுக்கு நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே! நேத்து நாடா கட்டின நேரத்துல கண்ணை வச்சிருக்கக் கூடாதா?"

கண்ணில்லாமலேதான் கொடுத்தனுப்பினார். விருந்தில் புது அதிகாரிகள் சிரித்தார்களாம். கேப்டன் மட்டும் மூவரையும் எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாராம். வேலை வேறொருவருக்குப் போயிற்று.

ஜாசின் பஸ்ஸில் மருதப்பன் குடும்பத்தை ஏற்றிவிடப் போனேன். வாயை அடக்க முடியவில்லை.

"ஆறு புள்ளிய்யா! ஆறே புள்ளி வச்சிருந்தா இங்கேயே இருந்திருப்பே."

மருதப்பன் சன்னல் வழியாகக் குனிந்தார்.

"அந்த டிரைவர் பையன் போன வருசம் காட்டுல சூடுபட்டுச் செத்துட்டான்னு கேப்டன் துவான் சொன்னாருண்ணே. செத்தவனை மறுபடி முழிக்க வைக்கிறோம்... கெட்ட நாள்லயா?"