கோவில் சுவரும் கறுப்பெண்ணெயும்

பர்மிய மண்ணில், லான்மடா பேட்டையில் மூன்று மாடிக் கடை கட்டியவன் நான். போட்டாதாங் பேட்டையில் அரிசிக் கிடங்கு, இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கொரு வீடு, எல்லாம் நானே கட்டியது. படித்தது நாலாம் வகுப்பு. கைகொடுக்க ஒருவரும் இல்லை.

எங்கள் பழைய தேக்குமர வேதக்கோவிலைப் புதுப்பிக்கிறார்கள். போன வாரம் பார்க்கப் போனபோது, கரையானுக்குப் பூசும் கறுப்பெண்ணெய் டின்னைத் திறந்தார்கள். அந்த வாடை என்னைப் பத்து வயதில் கொண்டுபோய் நிறுத்தியது.

அப்போது இங்கிருந்த தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சொந்த ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு பூசையில் பாதி பெஞ்சு காலி. ஆனாலும் மழைக்கு முன்னால் அப்பா சுவருக்கு எண்ணெய் பூசினார். கப்பலுக்குக் கிளம்பிய சூசை மாமா பார்த்துச் சிரித்தார்.

"யாருக்குப் பூசுற மாப்ள? சாமியும் எங்களோட கப்பல் ஏறிட்டாரு."

"ஏறட்டும் மச்சான். திரும்பி வந்தா நனையாம நிக்க இடம் வேணும்ல?" என்ற அப்பா, எண்ணெய் தொட்டுப் பூச என் கையில் ஒரு தேங்காய் நாரைக் கொடுத்தார். முழங்கைவரை கறுப்பு. ஒரு வாரத்துக்குச் சோறும் அந்த வாடையே அடித்தது. அப்பாவுக்குப் பிறகு ஒரு வருடம்கூட விடாமல் நான்தான் பூசினேன்.

புதுப்பித்த பின் வைக்கும் கல்வெட்டுக்குப் பொறுப்பு கோ அந்தோணி; பர்மிய மொழியில் 'கோ' என்றால் அண்ணன். "நல்ல தேக்கு ஐயா, அதான் தானா நின்னுருக்கு. அப்படியே எழுதப்போறோம்" என்கிறார்.

பக்கத்தில் இருந்த பங்குச் சாமியார் வீடும் அதே தேக்குதான். பூச ஆளில்லாமல் கரையான் தின்று விழுந்தது. எனவே கல்லை வெட்டுமுன் சொல்லிவிடுகிறேன். அப்பா பெயர் மேலே, என் பெயர் அதற்குக் கீழே. தெருவில் போகிறவனும் படிக்கும்படி பெரிதாக வெட்டுங்கள்.