நாலு பேரில் ஒரே மண்ணு

என் வீட்டுக்காரரின் அண்ணனுக்குச் சாமிக்கு அடுத்தபடி சூளைதான். சில நாள் சாமிக்கும் முந்தி. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்துதான் எங்கள் குடும்பம் பிழைத்தது, அதை நான் குறை சொல்லவில்லை. பழமலைநாதர் குடுத்த சோறு. ஆனால் வந்த காசையெல்லாம் திரும்ப அந்தச் சூளை வாயிலேயே கொட்டுகிற புத்தியையும் சாமிதான் குடுத்தார் என்று அவர் சொல்லும்போது எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

ஒரு தடவை எங்கள் ஆடிட்டர் அவரிடம் நல்லவிதமாகச் சொன்னார். எல்லாக் காசும் ஒரே தொழிலில் கிடக்கிறது, கொஞ்சம் வெளியில் எடுத்து வேறு வேறாகப் போட்டு வையுங்கள், தொழில் படுத்தாலும் குடும்பம் நிற்கும் என்று. மூத்தார் யோசித்தார். அப்புறம் போட்டாரே, பார்க்கணும். மண் அரைக்கிற மில், என் ஓரகத்தி பேரில். மண் ஏற்றுகிற லாரி, அவர் மகன் பேரில். பஸ் ஸ்டாண்டு பக்கம் பொம்மைக் கடை, என் வீட்டுக்காரர் பேரில். சூளை ஏற்கெனவே அவர் பேரில். ஆயுத பூஜைக்கு நாலுக்கும் தனித்தனியாகப் பூசணிக்காய். "நாலு இடத்துல போட்டாச்சு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். நாலும் ஒரே மண்ணு என்பது வீட்டு ஆம்பிளைகளில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கடைச் சாவியை இடுப்பில் தொங்கவிட்டு முதலாளி மாதிரி நடந்தார். எட்டாவது படித்த எனக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்பு நிலைக்கவில்லை. புதுசாகக் கேஸ் சூளை போடணும், நல்லூர் பக்கம் எங்கப்பா எனக்கு எழுதி வைத்த ஒரு காணி முந்திரித் தோப்பை விற்றுக் கொடு என்று மூத்தார் வந்து நின்றார். அந்த மண்ணுத் தொழிலுக்கு வெளியில் எங்களுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதன் குத்தகையை நம்பித்தான் என் பொண்ணை நர்சிங் சேர்க்க இருந்தேன்.

"முடியாதுங்க மாமா. அது சூளைக்குப் போவாது," என்றேன்.

குடும்பத் தொழிலை நம்பாதவள் சாமியையும் நம்பமாட்டாள் என்று தம்பியிடம் சொன்னாராம். மறுநாளே மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் என்மேல் பிராது கட்டிவிட்டு வந்தார். பொருளைத் திருட்டுக் கொடுத்தவன், ஏமாந்தவன், எங்கேயும் நியாயம் கிடைக்காதவன் முருகனுக்கு எழுதிக் கட்டுகிற இடம் அது. தம்பி பொண்டாட்டி தோப்பை விக்கமாட்டேங்கிறா என்று அங்கே கட்டின முதல் மனுஷன் இவராகத்தான் இருக்கும்.

இப்போது ஏளனமாக எழுதுகிறேன். அப்போது பொண்ணுக்குக் காய்ச்சல் அடித்தால்கூடப் பிராதுதானோ என்று பயம். கிருத்திகை தோறும் பஸ்ஸேறி அதே கோயிலுக்குப் போய், என் புள்ள படிப்பு மட்டும் நின்னுடக் கூடாதுப்பா என்று கும்பிட்டுவிட்டு வருவேன். எதிர்ப் பிராது கட்டவில்லை. வூட்டுச் சண்டைக்குச் சாமியை ரெண்டு பக்கமும் பிடித்து இழுக்க மனசு வரவில்லை.

அதற்குள் ஃபியூஸ் கட்டை வாங்குகிறவர்கள் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். பொம்மையும் பிளாஸ்டிக்கில் வந்தது. சூளை நின்றது. அரைக்க வேலையில்லாமல் மில் நின்றது. ஏற்ற லோடில்லாமல் லாரி நின்றது. மிச்சமிருந்த பொம்மைகளுக்குத் தூசி தட்ட மட்டும் என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்வந்தார். நாலு இடத்தில் போட்டது நாலும் ஒன்றாகப் படுத்துக்கொண்டது.

முந்திரி அதுபாட்டுக்குக் காய்த்தது. என் பொண்ணு காலேஜில் சேர்ந்தாள். ஓரகத்தி அரிசி கேட்டு வந்தபோது அள்ளிக் கொடுத்தேன், அவள் என்ன செய்வாள் பாவம். மூத்தாரை மட்டும், பிராதை வாபஸ் வாங்கிவிட்டு வந்து என் வீட்டில் கை நனைக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

போனார். லாரி விற்றாகிவிட்டது, பஸ்ஸில்தான் போனார். நெற்றி நிறைய விபூதியோடு வந்து இலை முன்னால் உட்கார்ந்தார். சாம்பார், ரசம் எல்லாம் ஆயிற்று. மோர் ஊற்றும்போது ஆரம்பித்தார்.

"ஏம்மா, அந்தத் தோப்புலயே முந்திரி உடைக்கிற மிஷின் ஒண்ணு. பக்கத்துல தோல்ல எண்ணெய் எடுக்க ஒண்ணு. ஏத்தி இறக்க ஒரு வண்டி. எல்லாரு பேர்லயும் ஒண்ணொண்ணா..."

என் வீட்டுக்காரர் சோறு பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தோப்பு தோப்பாவே இருக்கட்டுங்க மாமா," என்றேன். "ஊறுகா வைக்கட்டுங்களா?"